ஆறு கோழியில் தொடங்கினால் ஆறோடு நிற்குமா? டர்பன் கொல்லைக்கு ஒரு வழிகாட்டி

வீட்டு முட்டைக்கு ஆகட்டும் என்று நாலைந்து கோழி வாங்குகிறவர்கள் பலர் இரண்டாம் வருஷம் இருபது கோழியோடு நிற்கிறார்கள். ஆசைப்பட்டு வாங்கிக் குவித்ததால் மட்டும் இப்படி ஆவதில்லை. அடைக்கு உட்காரும் பெட்டை, விற்க முடியாத சேவல், யாரோ கொண்டுவந்து கொடுக்கும் குஞ்சு, முட்டை நின்றும் அறுக்க மனம் வராத பழைய கோழி என்று கோழி பெருகப் பல வாசல்கள் உண்டு. வரும் வாசல்கள் திறந்தே கிடக்கும். போகும் வாசலை நாம்தான் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும்.

என் கொல்லையிலும் அப்படிப் பெருகித்தான் கொட்டகை, தீவனம், பக்கத்து வீட்டுப் புகார், சேவல் விற்பனை என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மெரிபேங்க், வெருலம், டோங்காட் பக்கம் சின்ன மனையில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வேறு மாகாணத்தில் இருந்தால் சட்டம் பற்றிய பகுதியை உங்கள் முனிசிபாலிட்டியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் எங்கேயும் பொருந்தும்.

1. முதலில் காகிதம், அப்புறம் கோழி

சொந்த வீடு என்றால் டைட்டில் டீடை எடுத்து வாசியுங்கள். சில பழைய பத்திரங்களில் கோழி, ஆடு வளர்க்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருப்பார்கள். வீட்டுக்கடன் இருந்தால் மூலப்பத்திரம் வங்கியிடம் இருக்கும். பரவாயில்லை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸில் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம்.

யூனிட் வீடு, காம்ப்ளக்ஸ் என்றால் செக்‌ஷனல் டைட்டில் விதி, அதாவது பல வீட்டார் ஒரே மனையைப் பங்கு கொள்ளும் கட்டடங்களுக்கான விதி வரும். சட்டத்தோடு வரும் நடத்தை விதிகளில் முதல் விதியே பிராணி, பறவை வளர்ப்பது பற்றியதுதான். காம்ப்ளக்ஸை நிர்வகிக்கும் டிரஸ்டிகளின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்கிறது அது; தகுந்த காரணமில்லாமல் அவர்கள் மறுக்கவும் கூடாது. உங்கள் காம்ப்ளக்ஸ் அந்த விதியை மாற்றி வைத்திருக்கலாம் என்பதால் அவர்களுடைய விதிப் புத்தகத்தையே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு ஏஜென்ட் போனில் "தாராளமா வையுங்க" என்றார். புகார் வந்த அன்று அதே ஏஜென்ட், அப்படிச் சொன்னதாக ஞாபகமே இல்லை என்றுவிட்டார். ஒரு இமெயில் இருந்திருந்தால் அந்த அக்கா ஒரே வாரத்தில் கோழிகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துத் தீர்த்திருக்க வேண்டாம்.

அடுத்து டர்பன் நகராட்சியான எதெக்வினி முனிசிபாலிட்டியின் சுகாதாரப் பிரிவு. இமெயிலில் மூன்றே கேள்வி கேளுங்கள்: என் மனைக்கு எத்தனை கோழி வரை அனுமதி, சேவல் வைக்கலாமா, கொட்டகைக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் எவ்வளவு தூரம் விட வேண்டும். தெரு பெயர், ஏர்ஃப் எண் (மனையின் பதிவு எண்) இரண்டையும் அதிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அதைக் கேட்டே ஒரு பதில் வரும், அதில் ஒரு வாரம் போகும். கேப் டவுனில் இருக்கும் சொந்தக்காரர் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே 2021இல் வந்த தனி பை-லா (நகராட்சி விதி) இருக்கிறது, அது இங்கே செல்லாது.

கொட்டகைக்கும் காகிதம் உண்டு. தேசியக் கட்டட விதிகளின்படி 10 சதுர மீட்டருக்கு மேற்படாத கோழிக்கொட்டகை சிறு கட்டுமானம் என்ற வகையில் வரும். முழு பிளான் போட வேண்டியதில்லை, ஆனால் கட்டடப் பிரிவின் அனுமதி வேண்டும். கோழி பெருகப் பெருகக் கொட்டகையை ஒரு பக்கம் இழுத்துக் கட்டுவோம், அப்புறம் இன்னொரு பக்கம். அப்படியே 10 சதுர மீட்டரைத் தாண்டிவிடும், வீடு விற்கும்போது அது வந்து நிற்கும். அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பதில்கள் வர வாரக்கணக்கில் ஆகும். செப்டம்பரில் கோழி வர வேண்டும் என்றால் மே, ஜூனிலேயே எழுதத் தொடங்குங்கள். நடுவில் கிடைக்கும் நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நேரில் பேசிவிடுங்கள். ஒட்டிக் கட்டிய வீடுகளில் இது பாதி அனுமதிக்குச் சமம். புகார் என்று ஒன்று வந்தால் அது பெரும்பாலும் அந்தச் சுவருக்கு அப்பாலிருந்துதான் வரும்.

2. எத்தனை என்று எழுதி வையுங்கள், பாதியில் தொடங்குங்கள்

உங்கள் உச்ச எண் எது என்பதை இடம்தான் தீர்மானிக்கும். கொட்டகைக்குள் ஒரு கோழிக்கு 0.4 சதுர மீட்டர், வெளியே வலை போட்ட இடத்தில் ஒரு கோழிக்கு 1 சதுர மீட்டராவது வேண்டும். இரவில் ஏறி உட்காரும் கம்பில் ஆளுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர். கொல்லையில் 5 சதுர மீட்டர் கொட்டகையும் 12 சதுர மீட்டர் வலையிடமும்தான் முடியும் என்றால் உங்கள் எண் 12.

12 என்று வந்தால் 6 கோழியோடு தொடங்குங்கள். மிச்சம் ஆறு இடம் காலியாகக் கிடக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அடை வைத்தால் குஞ்சுக்கு அந்த இடம்தான், நோய் வந்தால் தனியே பிரித்து வைக்கவும் அந்த இடம்தான், பழைய கோழி இருக்கும்போதே புதுக் கோழி வரும் காலத்துக்கும் அந்த இடம்தான்.

குஞ்சையும் முழுக் கோழியாகவே எண்ணுங்கள். ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடங்கும் பத்துக் குஞ்சு நாலு மாதத்தில் பத்துக் கோழியின் இடத்தைக் கேட்கும். இந்த ஒரு கணக்கை விட்டதால்தான் பல கொல்லைகள் நிரம்புகின்றன.

3. எந்தக் கோழி

முட்டை மட்டும் போதும், பெருக வேண்டாம் என்றால் பிரவுன் ஹைப்ரிட் வாங்குங்கள். லோமன் பிரவுன், ஹை-லைன் பிரவுன் இரண்டும் கோ-ஆப் எனும் விவசாயப் பொருள் கடைகளில் கிடைக்கும். இவை அடைக்கு உட்காருவது அரிது. குஞ்சாக வாங்கினாலும் நிறத்தை வைத்தே பிரிக்கலாம்: பெட்டை பழுப்பு, சேவல் வெளிர் மஞ்சள். அதனால் எதிர்பாராத சேவல் வந்து சேராது.

நாட்டு ரகம்தான் வேண்டும், குழம்புக்கும் ஆக வேண்டும் என்கிறவர்கள் போஷ்வெல்ட், பொட்செஃப்ஸ்ட்ரூம் கூகூக், வெண்டா, நேக்கட் நெக் என்று போகலாம். நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் தாங்கும், மேய்ந்து தின்னும். ஆனால் இவற்றில் அடைக்கு உட்காரும் பெட்டைகள் அதிகம், குஞ்சில் பாதிக்குப் பாதி சேவல். இந்த ரகம் வாங்கினால் கீழே 6, 7ஆம் பகுதிகளை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

முதல் முறை வாங்குகிறவர்கள் பாயிண்ட் ஆஃப் லே என்று சொல்லும் 16 முதல் 18 வார விடைக்கோழியாக வாங்குவது நல்லது. குஞ்சைவிட விலை கூடுதல்தான். ஆனால் விளக்கு, ஸ்டார்ட்டர் தீவனம், நாலு மாதக் காத்திருப்பு எல்லாம் மிச்சம். சில வாரத்தில் முட்டை வரும்.

வாங்கும் இடத்தில் ஒரு பொறி உண்டு. குஞ்சைச் சில கடைகளில் பெட்டிக் கணக்கில்தான் கொடுப்பார்கள். ஆறு கேட்டால் இருபத்தைந்துதான் என்பார்கள். அப்போது வாங்கி வைத்து அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். பங்கு போட இன்னும் இரண்டு மூன்று வீட்டார் கிடைத்த பிறகு, யாருக்கு எத்தனை என்று பேசி முடித்து, காசையும் கையில் வாங்கிக்கொண்டு போங்கள்.

வாங்கும்போது தடுப்பூசி அட்டை கேளுங்கள். மேரெக்ஸ் நோய்க்கான ஊசி குஞ்சு பொரித்த அன்றே ஹேட்சரியில் (பொரிப்பகத்தில்) போட வேண்டியது. வீட்டுக்கு வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

4. கொட்டகை: எலி, குரங்கு, பாம்பு

கோழி வலை என்று விற்கும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கும், வேறு எதையும் வெளியே வைக்காது. கீரியும், புனுகுப்பூனை மாதிரியான ஜெனெட்டும் அதைக் கிழித்துவிடும். 13 மில்லிமீட்டர் கண்ணியுள்ள வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்குங்கள். செலவில் இது பெரிய தொகைதான், ஆனால் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் வேண்டாம். வலையை மண்ணுக்குள் ஒரு முழமாவது இறக்கிப் புதையுங்கள், அல்லது வெளிப்பக்கமாகத் தரையோடு மடித்து மேலே கல் வையுங்கள். மேல்பக்கத்தையும் மூட வேண்டும்.

டர்பனில் குரங்கு இல்லாத தெரு குறைவு. அவை முட்டைக்குத்தான் வரும். முட்டைப்பெட்டிக்கு வெளியிலிருந்து திறக்கும் மூடி வைத்தால் சாதாரண கொக்கி போதாது, குரங்கு திறந்துவிடும். காராபினர் மாதிரி அழுத்தித் திறக்கும் கொக்கி மாட்டுங்கள். பெரும்பாலான கோழிகள் காலையிலேயே முட்டையிடும் என்பதால் பத்து மணிக்குள் ஒருமுறை, மதியம் ஒருமுறை எடுத்துவிடுங்கள். குரங்கைச் சுடுவதோ விஷம் வைப்பதோ சட்டப்படி குற்றம்.

சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். இங்கே வருவது கருப்பு மாம்பாவாகவும் இருக்கலாம், துப்பும் நாகமாகவும் இருக்கலாம். தீவனத்தை மூடியுள்ள டிரம்மில் வையுங்கள், இரவில் தட்டை எடுத்துவிடுங்கள். இருட்டில் முட்டைப்பெட்டிக்குள் வெறுங்கையை விடாதீர்கள். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாமல் பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள், அந்த எண்ணைக் கொட்டகைக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்று. சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் பழைய கவுன்சில் வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய ஷீட் ஓசியில் கிடைக்கும். அது ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் தொடாதீர்கள். அறுப்பதும் துளை போடுவதும் நுரையீரலுக்குக் கேடு. துத்தநாக ஷீட் வாங்குங்கள்.

5. தீவனக் கணக்கு

முட்டையிடும் கோழி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் தின்னும். ஆறு கோழிக்கு மாதம் 22 கிலோ. இருபது கோழிக்கு 72 கிலோ. லேயர் மேஷ் என்னும் முட்டைக்கோழித் தீவனம் 50 கிலோ மூட்டை 400 ராண்டை ஒட்டி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஆறு கோழிக்கு மாதம் 175, இருபதுக்கு 575 ராண்ட். உங்கள் கோ-ஆப் விலையைக் கேட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். முட்டை விற்றுத் தீவனக் காசை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் கொல்லையில் முட்டையிடாத வாய்கள் எத்தனை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். சேவலும் தின்னும், இறகு உதிர்க்கும் கோழியும் தின்னும், கிழக்கோழியும் தின்னும்.

இங்கே ஒரு பொறி. ஆறு கோழிக்கு 50 கிலோ மூட்டை இரண்டு மாதத்துக்கு மேல் வரும். ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் அவ்வளவு நாள் வைத்தால் அடியில் பூஞ்சை பிடிக்கும். பிடித்ததைக் கொடுத்தால் கோழிக்கு ஈரல் கெடும். மூட்டை வீணாகிறதே, இன்னும் நாலு கோழி இருந்தால் சரியாகப் போகும் என்று தோன்றும். அதற்குப் பதில் சின்ன மூட்டை வாங்குங்கள், அல்லது ஒரு மூட்டையை இரண்டு வீடு பங்கு போடுங்கள்.

மூட்டையின் லேபிளைப் பாருங்கள். 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி பதிவு செய்த தீவனத்தில் 'வி' எழுத்தில் தொடங்கும் எண் இருக்கும், தயாரித்த தேதியும் இருக்கும். பிரித்து அள்ளி விற்கும் தீவனத்தில் இரண்டும் தெரியாது.

லேயர் மேஷைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து முட்டையிடாத குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சும் தாயும் ஒன்றாக இருக்கும் காலத்தில் எல்லோருக்கும் குரோயர் (வளரும் கோழிக்கான தீவனம்) போட்டுவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வையுங்கள். வேண்டிய பெட்டை தானே கொத்திக்கொள்ளும்.

6. அடைக்கோழி: பெருக்கம் இங்கேதான் தொடங்குகிறது

ஜூன் 21க்கு அப்புறம் பகல் நீளத் தொடங்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் நாட்டுப் பெட்டைகளுக்கு அடை பிடிக்கும். முட்டைப்பெட்டியில் தட்டையாகப் பரவி உட்கார்ந்திருக்கும். கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்து அடித்தொண்டையில் உறுமும், கையைக் கொத்தும். நெஞ்சுப்பக்கம் இறகு உதிர்ந்து தோல் சூடாக இருக்கும். நாளுக்கு ஒருமுறைதான் எழுந்திருக்கும். எழுந்ததும் பெரிதாக ஒரு எச்சம் போடும், அவசரமாகத் தின்னும், ஓடிவந்து மறுபடி உட்காரும்.

இந்த நாளில் நீங்கள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எடுக்காமல் விட்டால் கோழி எடுத்துவிடும்.

அடை வேண்டாம் என்றால், அடியிலும் காற்றுப் போகும் கம்பிக் கூண்டில், வைக்கோல் போடாமல், தண்ணீரும் தீவனமும் வைத்து மூன்று நாலு நாள் விடுங்கள். வெளிச்சமான இடத்தில் மற்ற கோழிகள் கண்ணில் படும்படி இருக்கட்டும். வயிற்றுச் சூடு இறங்கினால் அடை கலையும். தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகு குத்துவது எல்லாம் பழைய பழக்கம். கோழிக்கு வேதனை, பலனும் சரியாகக் கிடையாது.

அடை வேண்டும் என்றால் வைக்கும் முட்டையை எண்ணி வையுங்கள். காலி இடம் எத்தனையோ அதைப் பொறுத்துத்தான், எல்லா முட்டையும் பொரிக்காது என்பதால் ஒன்றிரண்டு கூட வைக்கலாம். ஆறு இடம் இருந்தால் எட்டு முட்டைக்கு மேல் போகாதீர்கள். வைக்கும் முட்டையில் பென்சிலால் கோடு போடுங்கள். மற்ற பெட்டைகள் வந்து அதே கூட்டில் இட்டுப் போகும் முட்டையை அன்றன்றைக்கே எடுத்துவிடலாம். கோடு போடாவிட்டால் பத்து நாள் கழித்து எது பழையது எது புதியது என்று தெரியாது. எட்டு வைத்த இடத்தில் பதினான்கு இருக்கும், எல்லாமே கருவோடு இருக்கும்.

ஏழாம் நாள் இரவில் ஒவ்வொரு முட்டையாக எடுத்து, கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து வளையம் பண்ணி அதில் முட்டையை நிறுத்தி, பின்னால் போன் டார்ச் அடித்துப் பாருங்கள். கரு பிடித்த முட்டையில் ஒரு கறுப்புப் புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக்கால் போல ரத்த நரம்புகளும் தெரியும். ஒன்றும் தெரியாமல் பளிச்சென்று இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். எண்ணிக்கையைக் குறைப்பதானாலும் இந்தக் கட்டத்துக்கு முன்பே முடிவெடுங்கள். கோழிக்கு அடியிலிருந்து முட்டையைக் குறைப்பது சுலபம், பொரித்த குஞ்சைக் குறைப்பது எவராலும் ஆகாது.

21ஆம் நாள் பொரிக்கும். 18ஆம் நாளிலிருந்து தொடாதீர்கள். 23ஆம் நாளுக்கு மேல் பொரிக்காததை எடுத்துப் புதையுங்கள்.

இன்குபேட்டர் வாங்குவதைப் பற்றி என் கருத்து இதுதான்: சின்ன கொல்லைக்கு வேண்டாம். நாற்பது முட்டை கொள்ளும் பெட்டியில் எட்டு மட்டும் வைக்க யாருக்கும் மனசு வராது. பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், அப்புறம் வாரம் 3 டிகிரியாகக் குறைக்கலாம். நடு இரவில் கரண்ட் போனால் விளக்குச் சூடும் போகும். தாய்க்கோழிக்கு கரண்ட் வேண்டாம். ஒரு பஞ்சாரமோ, அதுமாதிரி கவிழ்த்து மூடும் கூடையோ இருந்தால் போதும், முதல் இரண்டு வாரம் காகத்திடமிருந்தும் பூனையிடமிருந்தும் குஞ்சைக் காப்பாற்றிவிடலாம்.

7. சேவல்: எங்கே போகும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எட்டுக் குஞ்சு என்றால் நாலு சேவல். ஐந்தாறும் வரலாம். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். குஞ்சு வேண்டும் என்றால் எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அதற்கு மேல் இருந்தால் பெட்டையின் முதுகு இறகு போய் ரணமாகும். விடிகாலை நாலு மணிக்குக் கூவினால் அக்கம்பக்கம் பொறுக்காது.

ஒரு சேவல் வளர்ந்து ஆளாக ஏழு கிலோ போலத் தீவனம் போகும். எட்டுச் சேவலை ஐந்து மாதம் வைத்தால் ஒரு மூட்டைக்கு மேல் போய்விட்டது. ஆகவே விற்கும் காலத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி அடை வையுங்கள்.

நம் ஊரில் அந்தக் காலம் தெளிவாகவே இருக்கிறது. ஆடி மாதம், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, வீடு வீடாகவும் கோயில் கோயிலாகவும் போரிட்ஜ் பிரேயர், அதாவது கூழ் ஊற்றும் வழிபாடு நடக்கும். மாரியம்மனுக்குக் கோழி கொடுக்கிறவர்கள் உயிர்ச்சேவலைத்தான் தேடுவார்கள். ஜனவரி கடைசியில் பொரித்த சேவல் அப்போது சரியான பருவத்தில் இருக்கும். அதாவது முட்டையை ஜனவரி முதல் வாரம் அடை வைக்க வேண்டும். செப்டம்பரில் பொரித்த சேவலை ஆடிவரை வைத்திருந்தால் தீவனக் காசு கூட வராது; அவற்றை ஐந்து மாதத்தில் ரன்னிங் ஃபௌல் (திரிந்து மேய்ந்து வளர்ந்த கோழி) கறிக்கு என்று கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவதுதான் சரி. ஜூன் மாதமே தெரிந்த வீடுகளில் சொல்லி வையுங்கள். ஆடி பிறந்த பிறகு சொன்னால் அவர்கள் வேறு இடத்தில் சொல்லியிருப்பார்கள்.

சட்டம் இரண்டு இடத்தில் வரும். 2000ஆம் ஆண்டின் 40ஆம் எண் இறைச்சிப் பாதுகாப்புச் சட்டப்படி சொந்தச் சாப்பாட்டுக்கும் சமயச் சடங்குக்கும் வீட்டில் கோழி அறுக்கலாம். அப்படி அறுத்த இறைச்சியை விற்கக் கூடாது. சுத்தம் செய்து பாக்கெட் போட்டுக் கொடுங்கள் என்று கேட்பார்கள். காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்யாதீர்கள், உயிரோடு மட்டும் விற்றுவிடுங்கள். அப்புறம், உயிர்க்கோழியை வியாபாரமாக வாங்கி விற்கிறவர்கள் கோழி நோய் மேலாண்மை அமைப்பான பி.டி.எம்.ஏ.யில் பதிவு செய்ய வேண்டும். இரண்டு மூன்று சேவல் தெரிந்தவருக்குக் கொடுப்பது வேறு, வாராவாரம் விற்பது வேறு. இரண்டாவதற்குப் போகிறவர்கள் ஸ்டேட் வெட் (அரசு கால்நடை மருத்துவர்) அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போவது நம் ஊர்களில் சகஜமாக நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். காற்றுப் போகும் பெட்டியில் அனுப்புங்கள். வளர்த்த உயிருக்கு அந்த அளவாவது நாம் செய்ய வேண்டும். விலங்கு வதைச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

8. ஒன்று செத்தால் மூன்று வரும்

இது யாரும் முன்கூட்டிச் சொல்லாத வாசல். ஆறில் ஒன்று இறந்துவிட்டது, ஒன்று வாங்கிச் சேர்க்கலாம் என்று போவீர்கள். தனியாகப் போன புதுக் கோழியை மற்றவை எல்லாம் சேர்ந்து கொத்தும், ரத்தம் வந்தாலும் விடாது. ஆகவே இரண்டாகவோ மூன்றாகவோதான் வாங்க வேண்டியிருக்கும். ஆறு இப்போது எட்டு. அடுத்த வருஷம் இன்னொன்று போகும், எட்டு ஒன்பதாகும்.

ஒன்று இறந்ததற்காக உடனே வாங்காதீர்கள். மூன்று குறையும்வரை பொறுங்கள். ஐந்து கோழியும் ஒரு கூட்டம்தான், நன்றாகவே இருக்கும்.

வாங்கினால் 3 முதல் 4 வாரம் தனி இடத்தில், பழைய கோழியிலிருந்து தள்ளி வையுங்கள். தீவனத் தட்டு, தண்ணீர்த் தட்டு, செருப்பு எல்லாம் தனி. முதலில் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டு அப்புறம் புதியதிடம் போங்கள். அதன்பின் ஒரு வாரம் வலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கமாக ஒன்றையொன்று பார்க்கட்டும். கடைசியாக இரவில், கம்பில் தூங்கும்போது கொண்டுபோய்ச் சேருங்கள்.

அன்பளிப்பாக வரும் கோழிக்கும் இதே விதிதான். ஊர் மாறிப் போகிறோம், இந்த நாலையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மாமா கேட்டால் மறுப்பது கஷ்டம். எங்கள் வீட்டில் இப்போது சொல்லும் பதில்: "முனிசிபாலிட்டிக்கு எழுதிக் கொடுத்த எண்ணிக்கை நிறைந்துவிட்டது மாமா, வாங்கிக்கொள்கிற வேறு ஆளைத் தேடித் தருகிறேன்." தேடியும் கொடுங்கள். மனக்கசப்பு வராது.

9. நோயும் தடுப்பூசியும்

நியூகாசில் நோய், ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்கிறோமே அதுதான், ஒரு கொல்லையைச் சில நாளிலேயே காலி செய்யும். மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. சொட்டாகவும் தண்ணீரிலும் கொடுக்கும் ஊசி கோ-ஆப்களில் கிடைக்கும். சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்க வேண்டும். சரியான நாட்களை ஸ்டேட் வெட்டிடம் கேளுங்கள். குப்பி ஒன்றில் நூற்றுக்கணக்கான டோஸ் இருக்கும், கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தெருவில் கோழி வைத்திருக்கும் வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் போட்டால் செலவு மிகக் குறைவு. குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வைத்துக் கொண்டுவர வேண்டும், ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள்.

குழாய்த் தண்ணீரில் நேரடியாகக் கலக்காதீர்கள். குளோரின் தடுப்பூசியைக் கொன்றுவிடும். பலர் ஊசி போட்டும் கோழி செத்தது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். லிட்டருக்கு 2 கிராம் கொழுப்பில்லாத பால்பவுடர் கலந்து கால் மணி நேரம் வைத்துவிட்டு, அதில் ஊசியைக் கலக்குங்கள்.

கோடை மழையில் கொசுவால் கோழி அம்மை வரும், ஈரமான தரையில் குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் வரும். நெரிசல் கூடக்கூட இரண்டும் கூடும். கொட்டகைக்குள் குனிந்ததும் மூக்கில் அம்மோனியா ஏறினால் தரை ஈரம் என்று அர்த்தம். அன்றைக்கே உமியோ மரத்தூளோ மாற்றுங்கள்.

திடீரென்று பல கோழி சாவது, கொண்டையும் தாடையும் நீலமாகி வீங்குவது, கழுத்து முறுக்கிக்கொள்வது, இவற்றில் எதைப் பார்த்தாலும் ஸ்டேட் வெட்டுக்குச் சொல்லியாக வேண்டும். பறவைக் காய்ச்சலும் நியூகாசிலும் 1984ஆம் ஆண்டின் 35ஆம் எண் விலங்கு நோய்ச் சட்டத்துக்குள் வருகின்றன. மிச்சக் கோழியை அவசரமாக விற்பதோ சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புவதோ கூடாது. செத்த கோழியை இரண்டு பைக்குள் கட்டி, ஃபிரிட்ஜ் குளிரில் வைத்து, உறைய விடாமல், பீட்டர்மாரிட்ஸ்பர்க் அலர்ட்டன் மாகாணக் கால்நடை ஆய்வகத்துக்கு எப்படி அனுப்புவது என்று அவர்களிடமே கேளுங்கள்.

2023இல் பறவைக் காய்ச்சலால் முட்டைக்கோழிகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன, கடைகளில் முட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது. அப்போதுதான் பலர் அவசரப்பட்டுக் கோழி வாங்க ஓடினார்கள். முட்டை கிடைக்காத காலத்தில் கோழி வாங்காதீர்கள். விடைக்கோழி விலையும் ஏறியிருக்கும், நோயும் சுற்றிக்கொண்டிருக்கும்.

10. பழைய கோழி

கோழி முதல் இரண்டு வருஷம் நன்றாக முட்டையிடும், அப்புறம் குறையும். ஆனால் ஏழெட்டு வருஷம் உயிரோடு இருக்கும். வருஷம் மூன்று புதுக் கோழி வாங்கிப் பழையதையும் வைத்துக்கொண்டால், ஆறில் தொடங்கியது நாலே வருஷத்தில் பதினெட்டு. முட்டையோ அதே அளவுதான் வரும்.

முடிவு உங்களுடையது. வீட்டுக் குழம்புக்கு ஆகலாம், மெதுவாக வேகவைத்தால் ருசியாகவே இருக்கும். பெயர் வைத்து வளர்த்தது, அறுக்க மாட்டோம் என்றால் அதுவும் சரிதான். அப்படியானால் புதுக் கோழி வாங்கும் வேகத்தை அதற்கு ஏற்றாற்போல் குறையுங்கள். விலங்கு நலச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.யில் விட்டுவிடலாம் என்ற கணக்கில் வளர்க்காதீர்கள், அவர்களிடம் இடம் இருக்கும் என்று உறுதியில்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சை முதல் கோழி வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

11. ஒரு நோட்டு

கொட்டகைக் கதவில் ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். வந்த தேதி, எங்கிருந்து, எத்தனை. போன தேதி, எப்படி, யாருக்கு. தடுப்பூசித் தேதி, குப்பியின் பேட்ச் எண். மூட்டை வாங்கிய தேதி, விலை. மாதக் கடைசியில் உயிரோடு இருக்கும் கோழிகளை இரவில் கம்பில் வைத்து எண்ணி எழுதுங்கள். பகலில் எண்ணினால் ஒன்றிரண்டு புதருக்குள் இருக்கும். திருட்டுத்தனமாக முட்டையிட்டு அடை உட்கார்ந்த பெட்டையும் இந்த எண்ணிக்கையில்தான் அகப்படும்: இரவில் கம்பில் ஒன்று குறைந்தால் மறுநாள் காலையில் வேலியோரம், மரக்கட்டை அடுக்கின் பின்பக்கம், வாழைக் கன்றுகளுக்கு நடுவே தேடுங்கள். பொரிப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால் எத்தனை முட்டையை விடுவது என்று அப்போதும் நீங்களே முடிவு செய்யலாம்.